பஞ்சில் நிற்காத சிவப்பு

மருதாணி பருத்தியில் நிற்பதில்லை. பாவாடையில் ஒட்டினால் அம்மாவிடம் ஏச்சு, தலையணை உறையில் ஒட்டினால் ஆச்சியிடம் ஏச்சு. ஆனாலும் நாலைந்து வெளுப்புக்குள் கறை மங்கிப் பழுப்பேறி, பட்ட இடம் எது என்று தேட வேண்டியதாகிவிடும். அதே இரவில் அதே விழுது உள்ளங்கையில் பட்டது இரண்டு மூன்று வாரம் இருக்கும். ஆடியில் நகத்தில் பட்டதோ கார்த்திகை வரைக்கும் இருக்கும். சங்கரன்கோவில்காரனான எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு. ஊருக்குக் கிழக்கே போனால் பருத்தி விளைந்த கரிசல். ஊருக்குள் தெருத்தெருவாகப் பருத்திச் சேலை நெய்யும் விசைத்தறிச் சத்தம். 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பல காலம் உழைத்தது இந்தக் கரிசலின் கருங்கண்ணிப் பருத்தியில்தான். இப்படிப் பஞ்சை நம்பிப் பிழைத்த சீமையில், புழக்கடைதோறும் நின்ற சாயச் செடி பஞ்சோடு ஒட்டவில்லை. உடம்போடு மட்டும் ஒட்டிக்கொண்டது.

காரணம் எளிமையானதுதான். பச்சை இலையில் சிவப்பு என்று தனியாக எதுவும் இல்லை. சாயத்துக்கு மூலமான பொருள் இலைக்குள் சர்க்கரையோடு பிணைந்து நிறமின்றிக் கிடக்கிறது. அம்மியில் நசுங்கும்போது இலையின் திசுக்கள் உடைகின்றன, நொதியும் புளிப்பும் சேர்ந்து அந்தப் பிணைப்பை அவிழ்க்கின்றன, லாசோன் என்ற சாயம் வெளியே வருகிறது. உலர்ந்த இலையின் எடையில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் தேறும். அந்தச் சிறு அளவு, தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைக் கண்டால் அதன் அமினோ, கந்தகத் தொகுதிகளோடு வேதிப் பிணைப்பே போட்டுவிடுகிறது. கெரட்டின்தான் நகம், முடி எல்லாம். கம்பளியும் புரதம், பட்டும் புரதம், ஆகவே அவற்றிலும் மருதாணி பிடிக்கும். பருத்தி வெறும் செல்லுலோஸ். லாசோன் பற்றிக்கொள்ள அதில் கொம்பு கிடையாது. அதனால் சோப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது.

உள்ளங்கையும் உள்ளங்காலும் ஏன் அத்தனை அழுத்தமாகச் சிவக்கின்றன, முன்கையின் உட்புறம் ஏன் வெளிறியே நிற்கிறது என்பதற்கும் இதுதான் விடை. வேலை செய்து வேலை செய்து தோலின் மேலடுக்கு தடித்த இடத்தில் கெரட்டின் அதிகம். நாற்று நட்ட கையும் பருத்தி பொறுக்கிய கையும் பிஞ்சுக் கையைவிட நன்றாகச் சிவக்கும். உடம்புச் சூட்டுக்கும் பங்கு உண்டு. வெதுவெதுப்பான கையில் சாயம் விரைந்து இறங்குகிறது. “அவளுக்குப் பித்த உடம்பு, அதான் இப்படிப் பத்தியிருக்கு” என்று எங்கள் தெருவில் சொல்வது வெறும் பேச்சில்லை, பார்த்துப் பார்த்துக் கண்டுகொண்டது. கை கழுவிய உடனே ஆரஞ்சாக இருப்பது ஒன்றிரண்டு நாளில் காற்றுப்பட்டுக் கருஞ்சிவப்பாகத் தடிக்கும். முதல் நாள் காலையில் “ஏட்டி, ஒனக்குப் பத்தவே இல்ல” என்று கேலி கேட்டு அழுத பிள்ளை, மறுநாள் பள்ளிக்கூடத்தில் கையை விரித்துக் காட்டிக்கொண்டு திரிவாள்.

எனக்கு இதில் மனதைப் பிடிப்பது, அந்தச் சாயம் ஒட்டுகிற இடம். தோலின் மேலடுக்கு செத்த அடுக்கு. நகமும் முடியும் அப்படித்தான். உயிர் கழிந்த பகுதியைத் தேடிப் போய் மருதாணி ஒட்டிக்கொள்கிறது, அது உதிரும்போது கூடவே உதிர்ந்துபோகிறது. நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். ஆடியில் முழுசாகச் சிவந்த நகம் ஐப்பசியில் பாதி வெளுத்திருக்கும், கார்த்திகை கடைசியில் நுனியில் ஒரு பிறை மிச்சமிருக்கும். அந்தப் பிறையை வெட்ட மனமில்லாமல் நகம் வளர்த்துத் தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கிய அக்காமார்களை எனக்குத் தெரியும்.

ஆடி என்றால் எங்கள் ஊரில் காற்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய் வழியாகப் புகுந்து தென்காசியில் சாரலாகத் தூவி, எங்களிடம் வந்து சேரும்போது ஈரத்தை எல்லாம் மலைக்குக் கொடுத்துவிட்டு வெறும் காற்றாக அடிக்கும். சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைகள் வரிசையாக முளைத்ததே இந்தக் காற்றால்தான். மருதாணிக்கு இந்தக் காற்று எதிரி. கையில் விழுது காய்ந்தால் சாயம் இறங்குவது நின்றுவிடும். அதனால் காய விடாமல் வைத்திருப்பதற்கு எத்தனை ஏற்பாடு! எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் ஒற்றுவார்கள். பிசுபிசுப்பில் விழுது உதிராது, ஈரமும் தங்கும். எலுமிச்சைக்கு நாங்கள் எங்கும் அலைய வேண்டாம். எலுமிச்சைச் சந்தைக்குப் பேர்போன புளியங்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. விழுதில் சேர்ப்பது வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் கொட்டைப்பாக்கும் கொஞ்சம் புளியும். அடுத்த வீட்டில் கிராம்பு. எதிர்வீட்டில் தேயிலைச் சாயம் இறக்கி அதில்தான் அரைப்பார்கள். கரிசலில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகளில் ஆடி பிறந்தால் கோரிண்டாக்கு, அதாவது மருதாணி, வைத்தே ஆக வேண்டும், புது மருமகளுக்கு அது கட்டாயம். தெலுங்கு நாட்டில் ஆஷாட மாதத்துக்கு உள்ள அந்த வழக்கம், பல நூறு வருடம் முன்பு வந்தவர்களோடு இங்கே வந்து, எல்லா வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது.

உள்ளங்கையில் நடுவே பெரிய வட்டம், சுற்றிலும் சின்னப் பொட்டு, ஒவ்வொரு விரல் நுனிக்கும் தொப்பி. கோலம் இவ்வளவுதான். கொடி, மயில், மாங்காய் எல்லாம் பின்னால் வந்தவை. இரண்டு கையிலும் வைத்தாகிவிட்டால் அந்தப் பிள்ளை எதற்கும் உதவாது. தண்ணீர் குடிக்க இன்னொருத்தர் கை வேண்டும். கன்னத்தில் கொசு கடித்தால் சொறிய இன்னொருத்தர் வேண்டும். சோறும் ஊட்டித்தான் விட வேண்டும். வருடம் முழுக்கத் தண்ணீர் தூக்கி, பாத்திரம் விளக்கி, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த பெண் குழந்தைக்கு, எந்த வேலையும் ஏவப்படாத ராத்திரி அது ஒன்றுதான். நான் ஆண்பிள்ளை. எனக்கு ஒரு விரலில் மட்டும் தொப்பி வைத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ராத்திரியின் அருமை எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

ஆடி எங்கள் ஊருக்குக் கோமதியின் மாதம். சங்கரநாராயணர் கோயிலில் ஆடித்தபசு 12 நாள் நடக்கும். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்களுக்குள் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்கு. தீர்ப்புச் சொல்லக் கோமதியம்மன் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி உத்திராடத்தன்று ஒரே உடலில் பாதி சிவனும் பாதி திருமாலுமாகக் காட்சி கிடைத்தது. இதுதான் தலபுராணம். தெற்கு ரத வீதியில் அந்தக் காட்சி நடக்கும் மாலையில், சுற்றுப்பட்டு விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் நெல்லையும் சூறை விடுவார்கள். பஞ்சு காற்றில் பறந்து கூட்டத்தின் தலையெல்லாம் வெள்ளையாகும். நேர்ந்துகொண்டவர்கள் கொடியேறிய நாள் முதல் கோயிலை ஆடிச்சுற்றுச் சுற்றுவார்கள். 101 சுற்று, 108 சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு. எங்கள் வீட்டில் அந்தப் பாதங்களுக்கு மருதாணி அரைத்துப் பூசிவிடுவார்கள். உள்ளங்கால் எரிச்சலுக்கு அழவணம் என்று சித்த மருத்துவம் சொல்லும் செடி இதுவேதான். நகச்சுத்தி வந்தால் விரலில் வைத்துக் கட்டுவதும், தூக்கம் வராதவர் தலையணைக்கடியில் பூவை வைப்பதும் அந்த வழியில் வந்தவை. பூவின் வாசனைக்காக வடக்கே கன்னோசியில் அத்தரே வடிக்கிறார்கள்.

தபசு என்றால் காத்திருப்பு. மருதாணிக்கு ஒரு வாய்மொழிக் கதை உண்டு. அசோகவனத்தில் சீதை தன் துயரத்தை எல்லாம் சுற்றியிருந்த மருதாணிச் செடிகளிடம்தான் சொல்லி அழுதாளாம், அதனால் உன்னைக் கையில் வைக்கும் பெண்ணுக்குக் குறை வராது என்று வரம் கொடுத்தாளாம். கம்பனில் இல்லாத கதை, பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதை. புன்னை வனத்தில் ஒருத்தி நின்றபடி காத்திருந்தாள், அசோகவனத்தில் ஒருத்தி உட்கார்ந்தபடி காத்திருந்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடிக்கு மருதாணியை எடுத்துக்கொண்டது இந்த இரண்டு கதையும் தெரிந்தவர்கள் என்பதால் என்று சொன்னால் அது என் ஊகம். ஆனால் இந்தச் செடியின் வேலை முழுவதும் பொறுமையில் இருக்கிறது என்பது ஊகமில்லை. அரைத்து வைத்து ஒரு ராத்திரி. கழுவிய பிறகு சிவப்பு முற்ற ஒன்றிரண்டு நாள். நடுவில் சோப்புப் போடக்கூடாது, தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அவசரப்பட்டால் ஆரஞ்சோடு நின்றுவிடும்.

துணிக்கு வேண்டிய சிவப்பை இந்தச் சீமை வேறு ஒரு செடியிடமிருந்து எடுத்தது. சாயவேர், இம்பூறல் என்றும் சொல்வார்கள். தூத்துக்குடி, இராமேசுவரம், மன்னார் என்று மணல் கரையெல்லாம் படர்ந்த சின்னப் பூண்டு. அதன் வேரைத் தோண்டி, படிகாரம் ஊட்டிய பருத்தியில் ஏற்றினால் வெளுக்க வெளுக்கப் பொலிவு கூடும் சிவப்புக் கிடைக்கும். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தபோது முத்தோடு துணியும் அவர்களுக்குக் குறி. அந்த வேரில் இருந்த சாயத்தின் பெயர் அலிசரின். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் அதைத் தாரிலிருந்து செய்யக் கற்றார்கள். சில வருடங்களுக்குள் ஆலைகள் அதை மலிவாகக் கொட்டின. சாயவேர் தோண்டுகிறவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று அந்தக் கரைகளில் அந்தப் பூண்டு இருந்தாலும் காலில் மிதிபடுகிற களைதான்.

அலிசரினுக்கும் லாசோனுக்கும் வேதியியலில் கிட்டத்து உறவு. இரண்டும் குயினோன் குடும்பம். துணியின் சிவப்பு ஆலைக்குப் போன பிறகும் கையின் சிவப்பு நூறு வருடத்துக்கு மேல் புழக்கடையிலேயே இருந்தது. துணியை ஆலைக்கு அனுப்பலாம், கையை அனுப்ப முடியாது. உயிருள்ள ஒரு கை, கூட உட்கார்ந்து வைத்துவிட இன்னொரு கை, அண்டை வீட்டுச் செடி, ஒரு ராத்திரி இவ்வளவும் சேர்ந்தால்தான் அது சிவக்கும். இலையை விலைக்கு வாங்கிய ஞாபகம் எனக்கு இல்லை. “மைனி, நாலு கொத்து ஒடிச்சுக்கிடட்டா?” என்று கேட்டால் போதும். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடக்கூடாது என்பதால் பொழுது சாயும் முன்னே பிள்ளைகள் ஓலைக் கொட்டானோடு வந்து நிற்பார்கள். செடிக்காரி ஒடித்துக் கொடுத்துவிட்டு, “எனக்கும் ஒரு உருண்டை அனுப்பு” என்பாள். இந்தச் சிவப்புக்குச் சந்தை இல்லாமல் இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

மருதாணிக் கோன் வந்ததும் அந்தக் காவல் போயிற்று. ஃபேன்சி ஸ்டோரில் சரஞ்சரமாகத் தொங்குகிறது. கோனை மட்டும் வைத்துக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ராஜஸ்தானில் பாலி மாவட்டத்து சோஜத் வறண்ட பூமி. அங்கே ஒருமுறை நட்ட செடியை இருபது முப்பது வருடம் வைத்து, புரட்டாசி, ஐப்பசியில் அரிவாளால் அறுத்து, வெயிலில் காய வைத்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் இலை கறுத்து விலை போகாது. எங்கள் கரிசல் சம்சாரி அறுத்துப் போட்ட உளுந்தின் மேல் மழை விழுந்தால் படுகிற பாடுதான் அது. 2021இல் சோஜத் மருதாணிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, நியாயமான மரியாதை. அந்த இலையின் பொடியைக் குழைத்து அடைத்த கோன் நல்ல பொருளே.

ஆனால் நல்ல மருதாணிப் பசை கோனில் அடைத்துக் கடையில் மாதக்கணக்கில் தொங்காது. லாசோன் ஒருமுறை விடுபட்டால் நாலைந்து நாளில் வலு இழக்கும். எனவே மாதக்கணக்கில் தொங்கி, கையில் வைத்துப் பத்து நிமிடத்தில் கறுப்பாகவோ இரத்தச் சிவப்பாகவோ பிடிக்கிற கோனில் உள்ளே வேலை செய்வது வேறு ஏதோ. சிவப்புக்கு சோடியம் பிக்ராமேட் கலப்பது உண்டு. கறுப்புக்குக் கலப்பது பாரா ஃபினைலீன் டைஅமின், சுருக்கமாகப் பிபிடி. 19ஆம் நூற்றாண்டில் செயற்கைச் சாயங்களோடு பிறந்த பொருள், 1880களிலேயே முடிச்சாயமாகப் புறப்பட்டுவிட்டது. கடையில் விற்கும் கறுப்பு ஹேர் டையில் அளவோடு சேர்க்கிறார்கள், தோலில் படாமல் பூசச் சொல்கிறார்கள். ‘கறுப்பு மருதாணி’ என்ற பெயரில் அதையே அளவின்றித் தோலின் மேல் கோலமாகப் போடுகிறார்கள். சிலருக்குக் கோலம் போட்ட கோட்டிலேயே கொப்புளம் எழும், புண் ஆறிய பிறகும் அந்தக் கொடியும் இலையும் தழும்பாக நிற்கும். அதோடு முடியாது. ஒருமுறை ஒவ்வாமை விழுந்த உடம்பு பிபிடியை ஆயுளுக்கும் மறக்காது. பத்து வயதில் திருவிழாக் கடையில் கை நீட்டிய பிள்ளை, நாற்பது வயதில் நரைக்கு டை அடிக்கும்போது முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். கறுப்பு மருதாணி என்று ஒரு செடி உலகத்தில் கிடையாது. நரைக்குக் கறுப்பு வேண்டியபோது நம் பாட்டிகள் முதல் நாள் மருதாணியும் மறுநாள் அவுரியும் பூசினார்கள், அதற்கும் இரண்டு நாள் பிடித்தது. பத்து நிமிடத்தில் பிடிக்கும் என்று சொல்லும் எதையும் குழந்தையின் கையில் வைக்க விடாதீர்கள்.

செடியிலிருந்து வந்தது எல்லாம் தீங்கற்றது என்றும் சொல்ல மாட்டேன். ஜி-6-பி-டி என்ற நொதி பிறப்பிலேயே குறைந்த குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தைகளின் உடம்பில் சுத்தமான மருதாணியே தோல் வழியாக இறங்கி இரத்தச் சிவப்பணுக்களை உடைத்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் பச்சைக் குழந்தைக்கு மருதாணி பூசும் வழக்கத்தால் இது தெரியவந்தது. கைக்குழந்தைக்கு அழகுக்காகப் பூச வேண்டாம். பெரியவர்கள் அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன் விரலில் மருதாணி இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுவதும் நல்லது. நகத்தின் நிறத்தைப் பார்த்தும் விரல் நுனியில் கருவி மாட்டியும்தான் அவர்கள் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணிக்கிறார்கள்.

இனி, வெகுநாளாக எழுத நினைத்திருந்த ஒன்று.

எங்கள் தெருவில் மருதாணி அரைப்பதில் கைதேர்ந்தவர் ஓர் ஆச்சி. சிறு வயதிலேயே தாலியறுத்தவர். இலையில் காம்பு இல்லாமல் ஆய்வதும், தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து மையாக அரைப்பதும் அவருக்குத்தான் வரும். கல்யாண வீடு என்றாலும் சடங்கு வீடு என்றாலும் ஆடி என்றாலும் அம்மிக்கு முன்னால் அவர்தான். அரைக்க உட்காரும் முன் இரண்டு உள்ளங்கையிலும் மணிக்கட்டு வரை தேங்காயெண்ணெயை வழிய வழியத் தடவிக்கொள்வார். எண்ணெய்ப் பசை இருந்தால் சாயம் தோலில் இறங்காது. அரைத்து முடித்ததும் உடனே சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார். பிள்ளைகளுக்கு வைத்துவிடும்போது விரலால் தொடமாட்டார், தென்னை ஈர்க்கால் எடுத்து வைப்பார். அவர் கை அவ்வளவு நேர்த்தி என்று சின்ன வயதில் நான் நினைத்தேன். அந்தக் கை சிவந்துவிட்டால் மறுநாள் ஊர் என்ன பேசும் என்று பயந்துதான் அந்த எண்ணெய் என்பது பின்னால்தான் தெரிந்தது. தெருப் பிள்ளைகளின் கையெல்லாம் சிவக்க வைத்தவர், தன் விரல் நுனி சிவந்துவிடாமல் ஆயுள் முழுக்க எண்ணெய் தடவிக்கொண்டார்.

இந்தக் கொடுமையை எழுதாமல் மருதாணியின் அழகை எழுதக்கூடாது. பூ, பொட்டு, வளையல் மூன்றோடும் மருதாணியையும் சேர்த்து நாம் சுமங்கலியின் சொத்தாக்கினோம். லாசோனுக்குக் கெரட்டின் தெரியும், தாலி தெரியாது. விதவையின் கையில் எண்ணெய் தடவித்தான் அதைத் தடுக்க முடிந்தது. செடியைத் தன் போக்கில் விட்டிருந்தால் யார் கையிலும் ஏறியிருக்கும். இப்போது வழக்கம் தளர்ந்திருக்கிறது, எங்கள் பக்கமே வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கல்யாண வீட்டில் மருதாணிக் கிண்ணம் சுற்றி வரும்போது தானாகவே கையைப் பின்னால் வைத்துக்கொள்கிற பெண்களை இன்றும் பார்க்கிறேன்.

ஆணுக்கும் அப்படி ஒரு வேலி போட்டோம். ஆனால் எங்கள் வட்டாரத்து முஸ்லிம் வீடுகளில் மாப்பிள்ளை கைக்கும் மருதாணி உண்டு, மணநாளுக்கு முந்தின இரவு அதற்கென்றே வைபவம். தாடியில் மருதாணி ஏற்றிய பெரியவர்களைப் பள்ளிவாசல் வாசலில் பார்த்துத்தான் அது முடியிலும் பிடிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்தவ வீடுகளில் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தின் உன்னதப்பாட்டில் எங்கேதித் தோட்டத்து மருதோன்றிப் பூங்கொத்து வருகிறது. பழைய எகிப்தில் மம்மிகளின் முடியிலும் நகத்திலும் இந்தச் சாயம் கண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் 16 அரபு நாடுகள் சேர்ந்து கேட்டு, மருதாணிச் சடங்குகளை யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏற்றின. ஆப்பிரிக்காவின் வடக்கிலிருந்து இந்தியா வரை வறண்ட நிலம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் ஏதோ ஒரு ராத்திரியில் பெண்கள் கூடி உட்கார்ந்து கை நீட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊர் அந்தப் பெரிய வரிசையில் ஒரு மூலை.

செடியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கையில் பூசியதைப் பேசிப் பேசி அதை நிற்க வைத்தே விட்டுவிடுகிறோம். மாதுளையும் பூமருதும் இதன் குடும்பம். எதிரெதிராகச் சின்ன இலை, நாலு கசங்கின இதழுள்ள மிகச்சிறு பூக்கள் கொத்துக்கொத்தாக, பட்டாணியைவிடச் சின்ன உருண்டைக் காய், உள்ளே நெருக்கமாக விதை. அந்த விதையைச் சாம்பிராணியோடு போட்டு வெள்ளிக்கிழமை புகை காட்டுவோம். 1753இல் லின்னேயஸ் இதற்குப் பெயர் வைத்தபோது முள் இல்லாத செடி ஒன்று, முள் உள்ள செடி ஒன்று என இரண்டு இனமாக எழுதிவிட்டார். இரண்டும் ஒன்றுதான். இளஞ்செடிக்கு முள் இல்லை, வயதான செடியின் கிளை நுனி முள்ளாகக் கூர்க்கிறது. அவர் வைத்த லாசோனியா என்ற பெயர் ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் நினைவு. லின்னேயஸின் முதல் பெரிய நூல் 1735இல் அச்சேறப் பணம் கொடுத்து உதவிய நண்பர். சாயத்துக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தச் செடிக்கு மழை அதிகம் வேண்டாம். கரிசலும் ஒத்துக்கொள்ளும், செம்மண்ணும் ஒத்துக்கொள்ளும். பாத்திரம் கழுவின தண்ணீர் போகிற ஓரத்தில் நட்டுவிட்டால் அதுபாட்டுக்கு நிற்கும். வேலியாகவும் ஆகும். அப்படி நின்ற செடிகள் எங்கள் தெருவில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. பூச்சி விழுந்து போகவில்லை, பஞ்சத்தில் போகவில்லை. புழக்கடைக்குச் சிமெண்டுத் தளம் போட்டபோது போயின. கிணற்றை மூடி மோட்டார் வைத்தபோது போயின. பாகப்பிரிவினையில் நடுவே சுவர் எழுந்தபோது, சுவர்க் கோட்டில் நின்ற செடி யாருக்கும் வேண்டாததாகிப் போயிற்று. செடி போன வீட்டில் அம்மியும் ஓரமாகக் கவிழ்ந்தது. அம்மி கவிழ்ந்த வீட்டுக்குக் கோன் வந்தது. இந்த வரிசையைத் திருப்ப வேண்டுமென்றால் செடியில்தான் தொடங்க வேண்டும்.

அது கடினமான வேலையும் இல்லை. ஐப்பசி மழை இறங்கியதும் பென்சில் கனத்தில் முற்றின குச்சி ஒன்றை, ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து கணு இருக்கும்படி வெட்டி, பாதியை மண்ணுக்குள் விட்டு நிழலில் வைத்தால் துளிர்த்துவிடும். தரை இல்லாதவர்களுக்கு மாடியில் பெரிய தொட்டி போதும், வெயில் மட்டும் நிறைய வேண்டும். முதல் வருடம் ஒடிக்காமல் விடுங்கள். பிறகு ஆனி மாதத்தில் நன்றாகக் கவாத்து செய்தால் ஆடிக்குக் கொழுந்து இலை கொள்ளாமல் வரும். முற்றின இலையைவிடக் கொழுந்தில்தான் சாயம் கூடுதல். அம்மி இல்லையென்றால் மிக்ஸியில் அரையுங்கள், குறைவொன்றும் இல்லை. குச்சி வேண்டுமென்றால் சங்கரன்கோவிலில் இன்னும் செடி நிற்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள், ஒடித்துக் கொடுப்பார்கள். அரைத்து எடுத்ததும், இத்தனை காலம் கையைப் பின்னால் வைத்துக்கொண்ட பெண் யாராவது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், அவரை முதலில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் வைத்துவிடுங்கள். அந்த ராத்திரி அவருக்குச் சோறு ஊட்டுகிற பொறுப்பும் உங்களுடையது.